சோங்க்ரானுக்கு மாம்பழச் சோறுதான் பலகாரமா? தாய்லாந்துப் பண்டிகைச் சமையல் பற்றி ஓர் இழை

2 ஏப்ரல் 2024, வாசகர் கேள்வி

புத்தாண்டான சோங்க்ரானுக்குத் தாய்லாந்துக்காரர்கள் மாம்பழமும், தேங்காய்ப்பால் ஊற்றிய பசையரிசிச் சோறும்தான் செய்வார்கள் என்று பார்க்கும் இடத்திலெல்லாம் போட்டிருக்கிறது. நம் வருஷப்பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி மாதிரி. அளவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 ஏப்ரல், இரவு

அது பருவத்துத் தின்பண்டம். பண்டிகைப் பலகாரம் இல்லை. மார்ச்சிலிருந்து மே வரை மாம்பழம் குவியும்; சோங்க்ரான் ஏப்ரல் 13, 14, 15. இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சோங்க்ரான் என்ற சொல்லே சங்கராந்திதான். சூரியன் மேஷத்தில் நுழைவதை வைத்து வந்த நாள், அதனால்தான் நம் சித்திரை ஒன்றை ஒட்டி விழுகிறது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

அந்த நாளுக்கென்றே உள்ள சாப்பாடு காவ் சே. மல்லிகை மணக்கும் குளிர்ந்த நீரில் மிதக்கும் சோறு, பக்கத்தில் சின்னச் சின்னதாக நான்கைந்து தொடுகறி. இனிப்பில் கலமே: தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் பசையரிசி மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிளறும் கறுத்த அல்வா. காவ் சே எப்படிச் செய்வது என்று அடுத்து எழுதுகிறேன், ஒரே குறிப்பில் அடங்காது.

3 ஏப்ரல்

முதலில் அரிசி. காவ் சே கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

புது அரிசி ஆகாது. வாசனைக்குப் பேர்போன தாய் மல்லிகை அரிசியும் ஆகாது, அது குழையும், ஒட்டும். அறுவடையாகி ஒரு வருஷமாவது ஆன, உதிரியாக வேகும் பச்சரிசி வேண்டும். தாய்லாந்தில் சராபுரிப் பக்கத்துச் சாவ் ஹாய் அரிசியைத் தேடி வாங்குவார்கள். நம் ஊரில் பழைய பொன்னிப் பச்சரிசி சரியாக வரும்.

நான்கு பேருக்கு 300 கிராம். கழுவி, கொதிக்கும் 3 லிட்டர் தண்ணீரில் போட்டு, முக்கால் வேக்காட்டில் இறக்கவும். ஒரு பருக்கையை நகத்தால் கிள்ளினால் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். உடனே வடித்துக் குளிர்ந்த நீரில் கொட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மெதுவாகத் தேய்க்கவும். பருக்கையின் மேல் பூசியிருக்கும் கஞ்சிப் பசை கழன்று வரும். நீரை நாலைந்து தடவை மாற்றி, கடைசி நீர் குடிநீர் போலத் தெளியும் வரை தேய்க்க வேண்டும். அழுத்தினால் பருக்கை உடையும். உடைந்த பருக்கை பிற்பாடு நீரைக் கலக்கிவிடும். பிறகு வெள்ளைத் துணி விரித்த இட்லிச் சட்டியில் பரப்பி 15 நிமிஷம் ஆவியில் வைத்தால் நடுப்புள்ளியும் வெந்துவிடும். ஆறிய பிறகு ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, ஈரம் காய்ந்து பளபளவென்று இருக்கும்.

தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும்? பரிமாறிய ஐந்தாவது நிமிஷத்தில் தண்ணீர் கஞ்சித்தண்ணியாகும். மல்லிகை மணம் அதற்குள் அடங்கிப்போகும்.

5 ஏப்ரல்

தண்ணீர்.

கொதிக்கவைத்து ஆறவிட்ட 2 லிட்டர் நீரை மண்பானையில் ஊற்றவும். மெருகு பூசாத பானை நல்லது, நீர் தானே குளிரும். மாலையில் மலரப்போகும் மல்லிகை மொட்டு 30, 40. காம்பு கீழே, இதழ் மேலே இருக்கும்படி நீர்மேல் மிதக்கவிட வேண்டும். இதழ் நீரில் அமிழ்ந்தால் பழுப்பேறும். பானையை மூடி இரவு முழுக்க வைத்து, விடிவதற்குள் பூவை எடுத்துவிடவும். காலை எட்டு மணி வரை விட்டால் வாடிய பூவின் நெடி நீரில் ஏறும், பிறகு அதைப் போக்க வழியில்லை.

மதுரை மல்லியும் தாய்லாந்தில் காவ் சேக்குப் போடும் மல்லியும் ஒரே இனம். தாய் மொழியிலும் அது மலி, நம் மல்லிகையின் உறவுச் சொல். ஆனால் பூக்கடைப் பூவைத் தயவுசெய்து நீரில் போடாதீர்கள். பூந்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பது சாப்பிடும் பொருளை மனதில் வைத்து அல்ல. வீட்டுக் கொடியில் மருந்தடிக்காத பூ இருந்தால் மட்டும். இல்லையென்றால் பூவே வேண்டாம், வாசனை மெழுகு மட்டும் போதும்.

அந்த மெழுகின் பெயர் தியன் ஓப். குதிரை லாடம் போல வளைந்திருக்கும், இரண்டு முனையிலும் திரி. பற்றவைத்து, சுடர் நன்றாக எரிந்ததும் ஊதி அணைத்து, புகையும் நிலையில் சின்னக் கிண்ணத்தில் வைத்து நீர்மேல் மிதக்கவிட்டுப் பானையை இறுக மூட வேண்டும். 20 நிமிஷம் கழித்து மறுபடி. இப்படி இரண்டு, மூன்று தடவை. புகையின் மணம் நீரில் இறங்கிவிடும்.

5 ஏப்ரல், சற்று நேரம் கழித்து

மெழுகுக்குப் பதில் கப் சாம்பிராணி வைக்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். தியன் ஓப்பின் மணத்துக்கு அடிப்படை சாம்பிராணிப் பிசின் என்பது உண்மை. ஆனால் கப் சாம்பிராணியில் கரித்தூளும் செயற்கை வாசனையும் இருக்கும். குடிக்கிற நீரில் அந்தப் புகை போகக் கூடாது.

6 ஏப்ரல், வாசகர் கேள்வி

இத்தனை பாடுபட்டுச் செய்வது கடைசியில் நம் பழைய சோறுதானே?

6 ஏப்ரல்

பார்வைக்கு அப்படித் தெரியும். செய்முறை நேர் எதிர். பழைய சோற்றில் கஞ்சிப் பசை நீரில் இறங்க வேண்டும், இரவில் புளிக்க வேண்டும், உப்புப் போட வேண்டும். காவ் சேயில் பசை ஒரு துளி இருக்கக் கூடாது, புளிக்கக் கூடாது, நீரில் உப்பே கிடையாது. உப்பு, இனிப்பு, காரம் எல்லாம் தொடுகறியில். வெயில் காலத்துக்கு ஏற்ற நீர்ச்சோறு என்ற அளவில் இரண்டும் பங்காளிகள்.

9 ஏப்ரல்

தொடுகறிகளில் தலையானது லூக் கபி. கபி என்பது இறால் விழுது; மலேசியத் தமிழர்களுக்குப் பெலாச்சான் என்றால் புரியும்.

கபி 3 மேசைக்கரண்டியை வாழையிலையில் மடித்துத் தணலில் மணம் வரும் வரை சுடவும். சுட்ட கெளுத்தி மீனின் சதை 200 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், கிராச்சாய் 50 கிராம், பூண்டு 30 கிராம், எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு 2. எல்லாவற்றையும் உரலில் நாரில்லாமல் இடிக்கவும். மிக்சி நீர் கேட்கும், நீர் விட்டால் பிறகு வற்றவைக்க இரண்டு மடங்கு நேரமாகும். கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி, பனைவெல்லம் 3 மேசைக்கரண்டி சேர்த்து இளந்தீயில் கிளறினால் அரை மணி நேரத்தில் சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும். அங்கே நிறுத்தக் கூடாது. இன்னும் பத்து நிமிஷம் கிளறி, உருட்டினால் கையில் எண்ணெய் மட்டும் படும் பதத்தில் இறக்கவும். முழுக்க ஆறியதும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு உருட்டி, அடித்த முட்டையில் முக்கிப் பொரிக்கவும்.

எண்ணெயில் உடைகிறது என்றால் காரணம் இரண்டுதான்: ஈரம் வற்றவில்லை, அல்லது ஆறுவதற்குள் உருட்டிவிட்டீர்கள்.

கிராச்சாய் இஞ்சிக் குடும்பத்துக் கிழங்கு, கைவிரல்களைச் சேர்த்து வைத்தது போல இருக்கும். அதற்கு இஞ்சி மாற்று இல்லை. கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம், மணம் குறையும், உருண்டை கெடாது.

மற்றவை: உப்பில் ஊறிய முள்ளங்கியை நூலாக நறுக்கி, நீரில் போட்டு உப்பு இறக்கி, பனைவெல்லத்தில் வதக்கியது. இனிப்பாகப் பிரட்டிய உதிரி மீன். அப்புறம் அடைத்த பச்சை மிளகாய், காரமில்லாத பெரிய வகை. அதற்குள் பன்றி இறைச்சியும் இறாலும் வைத்து ஆவியில் அவித்து, மேலே முட்டை வலை சுற்றுவார்கள். அந்த வலை பார்க்க வேண்டிய ஒன்று. வாத்து முட்டையும் கோழி முட்டையும் கலந்து துணியில் வடிகட்டி, ஐந்து விரலையும் அதில் தோய்த்து, எண்ணெய் துடைத்த சட்டிமேல் கையை முன்னும் பின்னும் வீச வேண்டும். விரல் நுனியிலிருந்து இழை இழையாக விழும். பிறகு குறுக்கே ஒரு வீச்சு. சட்டி அதிகம் காய்ந்திருந்தால் இழை விழுந்தவுடன் முறுகிவிடும், சுற்ற வராது. மிளகாயைச் சுற்றுமுன் பிழிந்து நீரை எடுக்காவிட்டால் வலை ஊறிக் கிழியும்.

சாப்பிடும் முறைக்கும் காரணம் உண்டு. தொடுகறியைச் சோற்றுக் கிண்ணத்தில் போடக் கூடாது. போட்டால் எண்ணெய் மிதந்து மல்லிகை மணத்தை மூடிவிடும். உருண்டையை ஒரு கடி, பிறகு சோறும் நீரும் ஒரு கரண்டி, கபி நெடி போக ஒரு துண்டு பச்சைக் கிராச்சாயோ வெள்ளரியோ பச்சை மாங்காயோ.

ஐஸ் போடுவதாக இருந்தால் மணமேற்றிய அதே நீரில் ஒரு பங்கை முன்கூட்டியே உறையவையுங்கள். சாதா ஐஸ் உருகினால் இரவு முழுக்கச் செய்த வேலை நீர்த்துப்போகும்.

11 ஏப்ரல், திருத்தம்

காவ் சேயை அரண்மனைச் சமையல் என்று ஒருவர் எழுதியதை நானும் மறுக்காமல் விட்டேன். சரியல்ல. அது பர்மாவிலும் தாய்லாந்திலும் வாழும் பழைய இனமான மோன் மக்களுடையது. சோங்க்ரானில் தெய்வத்துக்குப் படைத்து, பிக்குகளுக்குக் கொடுத்து, மூத்தவர்களுக்கு எடுத்துப்போகும் நீர்ச்சோறு. நோந்தபுரியில் ஆற்றுத்தீவான கோ கிரெட், பதும் தானியில் சாம் கோக் போன்ற மோன் ஊர்களில் இன்றும் அப்படித்தான். அரண்மனைக்குள் அது போனது மோன் வம்சத்துச் சாவ் சோம் மாண்டா சொன்கிளின் மூலம் என்பார்கள், அவர் மன்னர் நான்காம் ராமாவின் துணைவியரில் ஒருவர். முட்டை வலை போன்ற நுணுக்கமெல்லாம் அங்கே சேர்ந்தது. மன்னரின் மலை அரண்மனை இருந்த பெட்சபுரியில் தனி வகை ஒன்று நிலைத்தது. அங்கே தொடுகறி மூன்றே: லூக் கபி, முள்ளங்கி, இனிப்பு மீன். முதல் தடவை செய்கிறவர்கள் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்ததும் இந்தப் பெட்சபுரி வகைதான்.

14 ஏப்ரல்

வடக்கே, சியாங் மாய்ப் பக்கம், வேறு கணக்கு. 13 பழைய வருஷம் போகும் நாள். 14 சமைக்கும் நாள், அன்று யாரையும் திட்டக் கூடாது. 15 கோயிலுக்குக் கொண்டுபோகும் நாள். சமைப்பது காங் ஹாங் லே, பர்மாவிலிருந்து வந்த பன்றிக் குழம்பு. அதில் விழும் ஹாங் லே பொடியை முகர்ந்தால் நம் கறிமசாலா வாசனை வரும். 16ஆம் தேதி பலாமூசுக் குழம்பு, காங் கனூன். பலாவுக்குப் பெயர் கனூன். நூன் என்றால் தாங்குதல், தூக்கிவிடுதல். வருஷம் முழுக்கத் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்க வேண்டும் என்று அன்று அதைச் சாப்பிடுவார்கள்.

1 செப்டம்பர், வாசகர் கேள்வி

மகாளய பட்சம் மாதிரி அவர்களுக்கும் உண்டாமே?

1 செப்டம்பர்

உண்டு, நாளும் பெரும்பாலும் ஒத்துவரும். தாய் சந்திரமானத்தில் பத்தாம் மாதத் தேய்பிறை 15, சாட் தை. 2023இல் அக்டோபர் 14, மகாளய அமாவாசையும் அன்றே. இந்த ஆண்டு அக்டோபர் 2, அதுவும் அப்படியே.

வடகிழக்கு ஈசானில் அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒன்பதாம் மாத அமாவாசையில், அதாவது நாளை, காவ் பிரதாப் தின். விடியுமுன் சோறு, மீன், பழம், இனிப்பு, வெற்றிலை எல்லாம் வாழையிலையில் சிறு பொட்டலமாகக் கட்டிக் கோயில் தரையிலும் மரத்தடியிலும் வைப்பார்கள். பத்தாம் மாதப் பௌர்ணமியில் காவ் சாக். இவை இரண்டும் ஈசானின் பன்னிரு மாத விழாக்களில் சேர்ந்தவை.

20 செப்டம்பர்

நடுத் தாய்லாந்தில் சாட் என்றால் க்ரயாசாட் இல்லாமல் இல்லை. நம் பொரி உருண்டைக்கு நெருங்கிய உறவு, ஆனால் தேங்காய்ப்பால் விழுவதால் மெல்லும்போது வேறு மாதிரி இருக்கும்.

கெட்டித் தேங்காய்ப்பால் 1 லிட்டர், பனைவெல்லம் 1 கிலோ, பே சே அரை கிலோ. பே சே என்பது மால்ட் பாகு. கிடைக்காவிட்டால் பேக்கரிக் கடைகளில் விற்கும் லிக்விட் குளுக்கோஸ். உலர் பொருள்: காவ் மாவ் 400 கிராம், காவ் தோக் 200 கிராம், தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை 500 கிராம், வறுத்த எள் 300 கிராம்.

காவ் தோக் நம் நெற்பொரியேதான், கார்த்திகைக்கு வாங்குவோமே அது. உமி ஒன்று தப்பினாலும் பல்லில் குத்தும், இரண்டு முறை புடைக்கவும். காவ் மாவ் முற்றாத நெல்லை வறுத்து இடித்தது. அதற்குக் கெட்டி அவலை வெறும் சட்டியில் பொரபொரவென்று வறுத்துக்கொள்ளலாம். கருப்பட்டி மட்டும் போட்டால் நிறம் கறுத்து, சுவை அழுத்தமாகிவிடும். பாதி வெல்லம், பாதி கருப்பட்டி போடலாம். பெட்சபுரிப் பனைவெல்லமும் கருப்பட்டி தரும் அதே பனைமரத்ததுதான், காய்ச்சும் பதம்தான் வேறு.

முதலில் தேங்காய்ப்பாலைத் தனியாகக் கொதிக்கவைத்து எண்ணெய் கண் திறக்கும் வரை காய்ச்சுங்கள். இதைச் சுருக்கினால் நாலாம் நாள் சிக்கு வாடை வரும். பிறகு வெல்லம், கரைந்ததும் பே சே. அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டினால், எடுத்த பிறகும் உருண்டையாக நிற்க வேண்டும். பிறகு உலர் பொருட்களைக் கொட்டிக் கிளறித் தட்டில் அழுத்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெட்டவும்.

பே சேயைத் தவிர்க்கக் கூடாது. தவிர்த்தால் மறுநாள் வெல்லம் மணல் மணலாகப் பூக்கும்.

கூடவே சின்ன முட்டை வாழைப்பழம், அவர்கள் பெயரில் க்ளூவாய் காய். க்ரயாசாட்டின் கடும் தித்திப்பை அதுதான் இதமாக்கும். பிக்குகளுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வார்கள்.

21 செப்டம்பர், வாசகர் கருத்து

சாட் என்பது சிராத்தம்தான், சந்தேகமே இல்லை.

21 செப்டம்பர்

எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் அது சாரத, சரத் காலம், இலையுதிர்பருவம். சிராத்தத்துக்குத் தாய் மொழியில் தனிச் சொல்லும் தனி எழுத்துக்கூட்டலும் உண்டு. இறந்தவர்களுக்கான நாள் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பேசுவது இயல்பு, ஆனால் சொல் வேறு.

23 செப்டம்பர், மூன்று நாள் முந்தைய குறிப்புக்குத் திருத்தம்

உலர் பொருட்களை ஒன்றாகக் கொட்டச் சொன்னது தவறு. கடலையும் எள்ளும் முதலில், பிறகு காவ் மாவ், நெற்பொரி கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு. பொரியை முன்னாலேயே போட்டால் பாகின் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்கிவிடும், கடிக்கும்போது ரப்பர் போல இழுக்கும்.

இன்னொன்று. மழைநாளில் பாகை இன்னும் கொஞ்சம் இறுக்கவேண்டும். நீரில் விட்ட உருண்டையை அழுத்தினால் லேசாக எதிர்க்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 120 டிகிரியை ஒட்டி. அதைத் தாண்டி 130க்குப் போனால் பல் உடையும்.

24 செப்டம்பர்

நெற்பொரி வேறெங்கே வருகிறது என்று கேட்டவருக்கு: பாங்காக்கின் தேவஸ்தானத்தில் பிராமணர்கள் நடத்தும் திரியம்பவாய் சடங்கில். பெயரைக் கேட்டதுமே நமக்குப் புரிந்துவிடும், அது திருவெம்பாவை. படையலில் நெற்பொரி, காவ் மாவ், வாழைப்பழம், கரும்பு, தேங்காய். இந்தச் சடங்கோடு சேர்ந்ததுதான் பெரிய ஊஞ்சல். ஆடுவது 1935இல் நின்றது, சிவப்புத் தூண்கள் அங்கேயே நிற்கின்றன.

26 செப்டம்பர்

இப்போது தெற்கு, நக்கோன் சி தம்மராட். எனக்கு இந்த இழையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பத்தாம் மாதத் தேய்பிறை முதல் நாள் பிரேத லோகத்திலிருந்து முன்னோர் வருவார்கள். 15ஆம் நாள் திரும்பிப் போவார்கள். அவர்கள் கையில் கொடுத்தனுப்பக் கட்டும் படையல் தட்டுக்கு ம்ராப் என்று பெயர். 13ஆம் நாள் சந்தை. இந்த ஆண்டு அது செப்டம்பர் 30. அன்று ஊரே சாமான் வாங்கும். ம்ராப் அடுக்குவதிலும் முறை இருக்கிறது: அடியில் அரிசி, மிளகாய், வெங்காயம், பூண்டு, உப்பு, கபி, புளி. அதன்மேல் கருவாடு. பிறகு நாள்பட நிற்கும் காய்: பூசணி, சேப்பங்கிழங்கு, தேங்காய். பிறகு வெற்றிலை பாக்கு, ஊசி நூல், தீப்பெட்டி போன்ற வீட்டுச் சாமான். உச்சியில் ஐந்து பலகாரம், ஒவ்வொன்றும் ஒரு பொருளுக்கு அடையாளம்.

கனோம் போங்: படகு, தெப்பம். வேகவைத்த பசையரிசியை அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்துப் பொரித்தது. உள்ளே ஈரம் இருந்தால் பொரியாது, கல்லாகக் கிடக்கும். இரண்டு வெயிலாவது காயட்டும்.

கனோம் லா: துணி.

கனோம் டீ சாம்: காசு. அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து, வைத்திருந்து, நடுவில் துளையிட்டுப் பொரித்தது. அதிரசத்துக்கு உளுந்து வடைபோல ஓட்டை போட்டால் அதுதான். அதிரசத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை எல்லாம் இதற்கும் பொருந்தும்: பாகு இளகினால் எண்ணெயில் கரையும், முற்றினால் விரிசல் விடும்.

கனோம் பா: சோங்க்ரானில் சபா விதையை உருட்டி ஆடும் விளையாட்டுக்கு. விதை வடிவில் வட்டமாகத் தட்டி, எள் தூவிப் பொரிப்பது.

கனோம் கோங்: நகை.

துணி, காசு, தெப்பம், நகை, விளையாட்டு. ஒருவரை வழியனுப்பும்போது என்னென்ன தேவையோ அதெல்லாம் பலகாரமாக.

27 செப்டம்பர்

கனோம் லாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பக் பனாங் ஊரில் செய்வதற்குப் பெயர்.

அரிசியை ஊறவைத்து அரைத்து, மூட்டையாகக் கட்டிப் பாரம் ஏற்றி நீரை வடித்து, அந்த மாவைச் சர்க்கரைப் பாகில் கரைக்கவேண்டும். கரைசலைத் துணியில் வடிகட்டாமல் தொடங்கக் கூடாது. கொட்டாங்கச்சியின் அடியில் நெருக்கமாக நுண்துளை போட்டதுதான் கருவி. இப்போது தகர டப்பாவும் உண்டு. சட்டியைச் சூடாக்கி, அவித்த முட்டை மஞ்சள்கருவை எண்ணெயில் மசித்த கலவையால் துடைக்கவும். மஞ்சள்கருதான் சட்டியில் மெல்லிய படலம் விட்டு, லாவைக் கிழியாமல் உரிய வைக்கிறது.

கொட்டாங்கச்சியில் ஒரு கரண்டி மாவு எடுத்துச் சட்டிமேல் வட்டமாகக் கையைச் சுழற்ற வேண்டும். கை நிற்கவே கூடாது. நூல் நூலாக விழுந்து, ஒன்றின்மேல் ஒன்று படிந்து, கைத்தறித் துணி போல ஒரு வட்டம் நெய்து நிற்கும். ஓரம் கிளம்பியதும் மரக்குச்சியால் மடித்து எடுக்கவும். நூல் அறுந்து சொட்டுச் சொட்டாக விழுந்தால் மாவு கெட்டி. விழுந்தவுடன் பரவித் தோசையானால் மாவு நீர்த்துவிட்டது. மடிக்கும்போது நொறுங்கினால் தீ அதிகம்.

நூல் இத்தனை மெல்லிசாக இருப்பதற்குக் காரணம் சொல்வார்கள்: பிரேதத்தின் வாய் ஊசிக்காது அளவுதான். அந்த வாயில் நுழையும் பலகாரம் வேண்டும். பசியோடு வந்தவர் தொண்டையில் இறங்க வேண்டுமே என்று எண்ணி ஒரு சமூகம் இத்தனை நுணுக்கமாக ஒன்றைச் செய்திருக்கிறது என்பதை நினைத்தால் மனசு நெகிழும்.

எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரிக்கும் தடித்த வகையும் உண்டு, லா லோய் மன். துடைத்த சட்டியில் செய்வது லா சேட். முன்னோருக்குத் துணி என்றால் லா சேட்தான்.

28 செப்டம்பர்

ஐந்தாவது பலகாரம் பற்றி இருவர் திருத்தியிருக்கிறார்கள், ஏற்கிறேன். எல்லா வீட்டிலும் கனோம் கோங் இல்லை. சில இடங்களில் கனோம் காய் பிளா அந்த இடத்தைப் பிடிக்கும். பொருள் இரண்டுக்கும் நகைதான்.

கடைசி நாள் சிங் பிரேத் பற்றியும் கேட்டார்கள். கோயில் முற்றத்தில் மேடையில் படைத்து, பிக்குகள் ஓதி முடித்ததும் சிறுவர்களும் பெரியவர்களும் பாய்ந்து பறித்துக்கொள்வார்கள். பிரேதத்துக்குப் படைத்ததைச் சாப்பிட்டால் புண்ணியம் என்பதால் நொறுங்கிய துண்டுக்கும் கை நீளும்.

3 அக்டோபர்

இன்று கின் ஜே என்னும் சைவ உணவு விழா தொடக்கம், 11ஆம் தேதி வரை. சீனக் கணக்கில் ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாள், புக்கெட்டில் பெரிய விழா. சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த நாட்களில் தாய்லாந்தில் இருந்தால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துள்ள கடைக்கு நேரே போகலாம். முட்டை, பால், மீன் சாறு எதுவும் இருக்காது. வெங்காயம், பூண்டும் இருக்காது. மற்ற நாட்களில் கடையில் மங்சவிரட், அதாவது சைவம், என்று சொன்னால் முட்டையும் பாலும் வரலாம். ஜே என்று சொன்னால் வராது.

12 அக்டோபர்

பிக்குகளின் மழைக்கால விரதம் முடியும் நாளான ஓக் பன்சா இந்த மாதம் 17. மறுநாள் தெற்கில் சக் பிரா, புத்தர் சிலையை ரதத்திலும் படகிலும் இழுக்கும் விழா. அதற்குச் செய்வது தோம், முக்கோணப் பொட்டலம்.

பசையரிசி 1 கிலோ, மூன்று மணி நேரம் ஊறவேண்டும். தேங்காய்ப்பால் 800 மில்லி, சர்க்கரை 250 கிராம், உப்பு 1 மேசைக்கரண்டி. பாலைக் கொதிக்கவிட்டு அரிசியைப் போட்டுப் பால் வற்றும் வரை கிளறினால் அரைவேக்காடு ஆகும். வேகவைத்த கறுப்புப் பயறு ஒரு கைப்பிடி. ஆறியதும் கபோ இலையில் கட்டி ஒன்றரை மணி நேரம் அவிக்கவும். கபோ விசிறி போல விரியும் குட்டைப் பனை. விரியாத குருத்திலையை எடுத்தால்தான் மடியும்.

கட்டும்போது மூலையில் கொஞ்சம் இடம் விடவும், அரிசி உப்பும். நிறைத்துக் கட்டினால் இலை வெடிக்கும். முனையை இழுத்துச் சொருகாவிட்டால் நீர் புகுந்து களியாகும். இலை கிடைக்காதவர்களுக்கு: தென்னங்குருத்தில் கொழுக்கட்டை கட்டத் தெரிந்தால் அதே கைவாகு போதும். பாங்காக்கில் இதே நாளுக்கு லூக் யோன், நீண்ட வால் விட்டுக் கட்டிய பொட்டலம். கூட்டத்தில் பிக்குவின் பாத்திரத்துக்குத் தூரத்திலிருந்தே போட வாகாக.

14 நவம்பர், வாசகர் கேள்வி

நாளை லோய் க்ரதோங். அதற்கென்று என்ன பலகாரம்? நம் கார்த்திகையும் அன்றுதானே?

14 நவம்பர்

இல்லை, இந்த ஆண்டு கார்த்திகை தீபம் டிசம்பர் 13. அவர்களுடையது பன்னிரண்டாம் சந்திர மாதப் பௌர்ணமி. சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளி ஒட்டிவரும், 2023இல் அப்படித்தான், நம்முடையது நவம்பர் 26, அவர்களுடையது 27.

லோய் க்ரதோங்குக்கென்று கட்டாயமான பலகாரம் கிடையாது. வாழைத்தண்டை வட்டமாக வெட்டி, வாழையிலை மடித்துக் குத்தி, பூ, ஊதுவத்தி, மெழுகுவர்த்தி வைத்து ஆற்றில் விடுவதுதான் முக்கியம். கரையில் விற்பது வழக்கமான திருவிழாத் தீனி. ரொட்டியில் செய்த க்ரதோங்கை மீனுக்கு உணவு என்று நினைத்து வாங்க வேண்டாம். ஒன்றிரண்டு என்றால் மீன் தின்னும். குளத்தில் நூற்றுக்கணக்கில் விட்டால் ஊறி அழுகி, நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து, அந்த மீன்களே செத்து மிதக்கும். வாழைத்தண்டில் செய்ததை வாங்குங்கள், ஊசிக்குப் பதில் ஈர்க்குச்சி குத்தியதாகப் பார்த்து.